ஓரம் அடிக்காத லேசோ

லிக்கோனி படகுத்துறையில் நான் மஹம்ரி, அதாவது எண்ணெயில் பொரித்த உப்பல் ரொட்டி, சுடுகிற இடத்துக்கு நேர் எதிரே விளம்பரப் பலகையில் சவுமுவின் முகம் நிற்கிறது. ஒரு மாடி உயரம் இருக்கும். விடியற்காலை நான் வாணலியில் எண்ணெய் ஊற்றும்போது அவள் சிரிக்கிறாள். தேங்காய்ப்பாலில் துவரை கொதிக்கும்போதும் சிரிக்கிறாள். மழை வந்தால் என் அடுப்புதான் அணைகிறது, அவள் சிரிப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. முகத்துக்குக் கீழே ஆரஞ்சு எழுத்தில் ‘நான் பேசினேன், நீயும் பேசு’ என்று போட்டிருக்கிறார்கள்.

நானும்தான் பேசினேன். என்னை எந்தப் பலகையில் ஏற்றினார்கள்?

படகுக்கு ஓடுகிறவர்கள்கூட நின்று கேட்பார்கள்.

"அக்கா, அந்தப் பொண்ணு உங்க ஊராமே? நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்ன? தெனம் காலையில பல்லு விளக்காம இங்கதான் வந்து நாலு மஹம்ரி முழுங்குறா. உனக்கு எத்தனை கட்டட்டும்?"

அவர்கள் சிரித்துக்கொண்டே இரண்டு கூடுதலாக வாங்குவார்கள். என் பிழைப்பே அவள் நிழலில் ஓடுகிறது என்று நினைத்தால் வயிறு இன்னும் எரியும். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

நானும் சவுமுவும் முதோங்வே ஊர்க்காரிகள். வியாழக்கிழமை தோறும் பெண்கள் உதவி மையத்தின் பின்னறையில் பாய் விரித்து, இஞ்சி டீ குடித்துக்கொண்டு பேசுகிற பெண்களில் நாங்கள் இரண்டு பேரும் உண்டு. அங்கே வருகிற எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான். ஒவ்வொருத்தி மேலும் எவனோ ஒருவன் பலவந்தமாகக் கை வைத்திருக்கிறான்.

சவுமுவுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஊருக்கே தெரிந்ததுதான். மாந்தோப்புப் பாதை, இருட்டுகிற நேரம், முன்பின் தெரியாத ஒருவன், கையில் கத்தி. அவள் கன்னத்தில் தொடங்கி கழுத்து வரை இன்றைக்கும் ஒரு கோடு ஓடுகிறது. அவனைப் பிடித்தார்கள். போலீஸ் நிலையத்தில் வரிசையாக ஆட்களை நிறுத்தியபோது சவுமு ஒருவனைக் காட்டி, "அந்த முகம் எனக்குத் தெரியும்" என்றாள். அவன் சிறைக்குப் போனான். தொடக்கம், நடு, முடிவு எல்லாம் இருக்கிற கதை.

எனக்குப் பதினாறு வயதில் நடந்தது. சித்தியின் பொரித்த மீன் கடைக்கு மீன் வாங்க நசோரோவின் கிடங்குக்குப் போனேன். அவன் தெரியாதவன் இல்லை. என் வாப்பாவின் ஜனாஸாவைத் தோள் கொடுத்துத் தூக்கியவர்களில் ஒருவன். அவனிடம் கத்தி இல்லை. ஐஸ் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, அது போதுமாக இருந்தது. என் உடம்பில் கோடு எதுவும் விழவில்லை. கூடையில் மீனோடு திரும்பி வந்தேன், சித்தி ஏன் இவ்வளவு நேரம் என்று திட்டினாள், நான் மீனைக் கழுவி மசாலா தடவினேன். என் கதை அவ்வளவுதான். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, தீர்ப்பு இல்லை. வாய் திறந்து சொல்லவே எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

நசோரோ இப்போது பெரிய மனிதன். சொந்தப் படகுகள், இரண்டு குளிர்கிடங்கு, பள்ளிக்கூடக் குழுவின் தலைவர் பதவி. ஊரார் 'அவர்' என்கிறார்கள். நான் வாய் தவறிக்கூட அப்படிச் சொல்ல மாட்டேன்.

அவன் மனைவி கிபிபி மேலும் எனக்குப் பொறாமை உண்டு, மறைப்பானேன்? முதல் மனைவி நோயில் படுத்திருந்தபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வந்த ஏழைச் சிறுமி அவள். முதல் மனைவி கண் மூடியதும் அவளையே நிக்காஹ் செய்துகொண்டான். அதிர்ஷ்டக்காரி என்று ஊர் பேசியது. காதில் தங்கம், கையில் மருதாணி, பெருநாளுக்குப் பெருநாள் புது லேசோ. சந்தையில் கடந்து போகும்போது யாரோடும் பேச மாட்டாள். திமிர் என்றுதான் நான் நினைத்தேன்.

லேசோ பற்றி ஒரு வார்த்தை. ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலுமாகச் சுற்றிக்கொள்கிற ஜோடித் துணி அது. எங்கள் கரையில் வாயால் சொன்னால் சண்டையாகும் சங்கதிகளைப் பெண்கள் துணியால் சொல்வார்கள். அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கும். எவளுக்குச் சொல்ல வேண்டுமோ அவள் வாசல் வழியாக அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் போதும். அவள் படித்துக்கொள்வாள், தெருவும் படித்துக்கொள்ளும். யாரைக் குறி வைக்கிறோம் என்று தெரியாமல் எங்களில் ஒருத்தியும் லேசோ வாங்க மாட்டாள்.

போன வருஷம், பெண்கள் மேல் கை வைப்பதை எதிர்த்து நடக்கிற நவம்பர் இயக்கத்துக்கு முன்னால், மையத்தின் பிரசார அதிகாரி நெகேசா எங்கள் பாயில் வந்து உட்கார்ந்தாள். நைரோபியிலிருந்து வந்தவள். நல்லவள், அதுதான் தொந்தரவு. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"இந்த வாட்டி பேனர் மட்டும் இல்ல. லேசோ அடிக்கப் போறோம்" என்றாள். "உங்கள்ல ஒருத்தரோட கதையிலேர்ந்து ஒரு வரி எடுத்து அதுல போடுவோம். முதோங்வேல ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு ஜோடி."

என் டீ பாயில் சிந்தியது. கிபிபி புது லேசோ எதையும் விட மாட்டாள். என் வரி அவன் வீட்டுக்குள் போகும். அவன் கொடியில் காயும். அவனுக்குச் சோறு பரிமாறும்போது அவன் கண்ணுக்கு நேரே அசையும். போலீஸும் கோர்ட்டும் செய்யாததை ஒரு முழத் துணி செய்யும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்: இவள் மறக்கவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

மறுவாரம் நெகேசா போனை நீட்டிப் பதிவு செய்தாள். என்னால் முடிந்தவரை நன்றாகச் சொன்னேன். ஐஸ் வாசனையைச் சொன்னேன். தாழ்ப்பாள் சத்தத்தைச் சொன்னேன். பெயர் சொல்ல வாய் திறந்தேன், அவள் கையைத் தூக்கினாள்.

"பேர் வேண்டாம்க்கா. ரெக்கார்டு ஆகுது. வக்கீல் சொல்லியிருக்காங்க."

"பேரு இல்லாம என்ன கதை?"

"உங்க கதை, உங்க வலி. அது போதும்."

அவள் கண் கலங்கியது நிஜம். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்குள் ஒருத்தி துள்ளினாள்: நெகேசா விழுந்துவிட்டாள், இந்த முறை நான்தான்.

பத்து நாள் கழித்து வந்த நெகேசா, தேர்ந்தெடுத்தது சவுமுவின் வரி என்றாள். ‘அந்த முகம் எனக்குத் தெரியும்.’

"ஏன்?" என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"மிஷி அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கதையில கேஸ் இல்ல. ஆள் வெளிய இருக்கான். கேக்குறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும், முடிவு வேணும்..."

"முடிவு இல்லன்னு எனக்குத் தெரியாதா? அதான்டி என் கதையே!"

சவுமு பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை, 'இந்தத் தடவை மிஷிக்கு விடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெந்த புண்ணில் வேல் என்பார்கள். எனக்கு அந்த வேலைப் பிடித்திருந்தது சவுமுவின் கை என்றே தோன்றியது.

மறுநாளே படகேறி பியாஷாரா தெருவுக்குப் போனேன். கடைக்காரனை நாற்பது லேசோ விரிக்க வைத்து ஒன்றைப் பொறுக்கினேன். ‘முரசு ஊருக்கே கேட்கிறது, அடுப்பில் புகையைக் காணோம்.’ அதைக் கட்டிக்கொண்டு சவுமுவின் வாசல் வழியாக மூன்று முறை தண்ணீர் எடுக்கப் போனேன். என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை அவள் பதில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். ‘பார்க்கிற கண் வலித்தால் கண்ணை மூடு.’

"நாலு மஹம்ரி" என்றாள்.

"தீந்துடுச்சு."

"தட்டுல இருக்கே?"

"அது கண்ணு வலிக்காதவங்களுக்கு."

பக்கத்துக் கடை இளநீர்க்காரி சிரித்துச் சிரித்து அரிவாளைக் கீழே போட்டாள். சவுமு பசியோடு படகேறினாள். அன்றைக்கு எனக்கு வியாபாரம் இனித்தது.

இயக்கத்தின் முதல் நாள் லேசோ மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. நல்ல கெட்டித் துணி, ஆரஞ்சும் கறுப்பும், ஓரத்தில் முந்திரிப் பழக் கரை. வீடு வீடாகக் கொடுத்தார்கள். வாங்கினார்கள், மடித்து உள்ளே வைத்தார்கள். ஒருத்தியும் கட்டவில்லை.

எப்படிக் கட்டுவாள்? அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் ‘யார் முகம் உனக்குத் தெரியும்?’ என்று முதலில் கேட்பவன் புருஷன். டீக்கடை ஜும்பேயின் மனைவி தெரியாத்தனமாகக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் ஜும்பேயின் முகத்தையே பார்த்தார்கள். பாவம், எறும்பைக்கூட மிதிக்காத மனிதன், வியர்த்துக் கொட்டி கடையைப் பாதியில் சாத்தினான். இன்னொரு வீட்டில் மாமியார் மருமகளைப் பிடித்து உலுக்கினாள்: "என் மகனைத்தானடி சொல்ற?" நைரோபியில் உட்கார்ந்து வரி எழுதியவர்களுக்கு அது தைரியமான வாசகம். முதோங்வேயில் அது வீட்டுக்கு வீடு நீட்டிய விரல். அது யாரைப் பார்த்து என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நெகேசா என் கடைக்கே வந்து புலம்பினாள். "இவ்வளவு அழகான கலர்க்கா. ஏன் யாரும் கட்ட மாட்டேங்கிறாங்க?"

"வெயிலுக்கு ஒத்துக்கலையோ என்னவோ" என்றேன்.

சந்தோஷத்தில் அன்று மஹம்ரிக்கு ஏலக்காய் அதிகம் போட்டுவிட்டேன். சவுமுவின் வரி முதோங்வேப் பெட்டிகளின் அடியில் கிடந்தது. என் ஜோடியும் கிடந்தது. லேசோ இரண்டும் ஒரே துணியாக ஒட்டித்தான் வரும். நடுவில் வெட்டி, ஓரம் அடித்தால்தான் கட்ட முடியும். ஓரம் அடித்துவிட்டால் அந்த வரியை நீ ஏற்றுக்கொண்டாய் என்று அர்த்தம். நான் கத்தரிக்கோலையே தொடவில்லை. சந்தையில் விற்றுவிட்டு எண்ணெய் வாங்கலாம் என்று இருந்தேன்.

கடைசி நாள் பள்ளி மைதானத்தில் பெரிய கூட்டம் வைப்பதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்பு சவுமு கடைக்கு வந்தாள். இடுப்பிலும் தலையிலும் அந்த லேசோதான். ஊரிலேயே அதைக் கட்டிக்கொண்டு நடந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்னடி, ராணியம்மா" என்றேன். "மேடைக்கு ஒத்திகை ஆச்சா? அந்த மாலை வகுப்பு முடிஞ்சு வீட்டுக்கு வர்ற கட்டம் வருமே, அங்க கொஞ்சம் குரலை இறக்கு. நல்லா இருக்கும்."

அவள் தலைத் துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். நான் விடவில்லை.

"எந்த மாலை வகுப்புடி? முரசு வகுப்பா? அன்னைக்கு நீ ருக்கியா கல்யாணத்துலேர்ந்துதான வந்த? எனக்குத் தெரியாதா? செருப்பைக் கையில பிடிச்சிக்கிட்டு..."

"ஆமா" என்றாள். "ஆடிட்டு வந்தேன். காலெல்லாம் தூசி. அம்மா போகாதன்னு சொன்னா, சண்டை போட்டுட்டுப் போய் ஆடுனேன். என் வாழ்க்கையில அவ்ளோ நல்லா ஆடுனது அன்னைக்குத்தான்டி மிஷி. அதை வெட்டிட்டாங்க. கல்யாணம்னு சொன்னா ஜனங்க வேற மாதிரி நினைப்பாங்களாம். வகுப்புன்னு மாத்துனாங்க. அவங்க கதையில நான் ஆடவே இல்ல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கூப்பிடாமலே உட்கார்ந்தாள்.

"நான் கத்துனேன், தோப்புக்காரங்க விளக்கை அணைச்சாங்க. அதையும் வெட்டிட்டாங்க, ஊரை ஏன் பகைக்கணும்னு. அந்த முகம் எனக்குத் தெரியும்னு நான் சொன்னப்ப எனக்கு மூத்திரம் போயிடுச்சு. அதையும்தான். இப்ப மிச்சம் இருக்கிற கதை யாருதுன்னே தெரியல. எத்தனை மேடை! சொல்லி முடிச்சா கை தட்டி, ஜூஸ் குடுப்பாங்க. உன்னோடது யாரும் தொடாம முழுசா இருக்கு. நீ என்னமோ நான் விருந்து தின்ன மாதிரி பாக்குற."

நான் தட்டில் நாலு மஹம்ரி வைத்தேன். காசு வாங்கவில்லை. அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அவள் போன பிறகு நிமிர்ந்து பார்த்தேன், பலகையில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வெட்டினாலும் கொத்தினாலும் அவள் கதையை யாரோ வேண்டும் என்றார்கள். முழுசாக இருப்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, ஊறுகாயா போட?

கூட்டத்து அன்று நெகேசா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். ஆறுதல் பரிசு. மேடையில் இருக்கும் விருந்தாளிகளுக்கு மரியாதை செய்கிற தட்டை நான் ஏந்த வேண்டும். பெண்களுக்கு லேசோ, ஆண்களுக்குக் கைலி. தட்டு பாதிதான் நிறைந்திருந்தது. லேசோ ஒன்று குறைந்தது, சந்தையில் விற்கலாம் என்று பையில் கொண்டுவந்திருந்த என் ஜோடியை எடுத்து வைத்தேன்.

"சிறப்பு விருந்தாளி யாரு?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடக் குழுத் தலைவர்க்கா. மைதானம் குடுத்ததே அவர்தான். நசோரோ ஐயா. ரொம்ப நல்ல மனுஷன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு சூதும் இல்லை. பெயரைச் சொல்லாதே என்று கையைத் தூக்கியவள் அவள்தானே, அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது.

வேப்பமரத்து நிழலில் ஊர்ப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கிபிபி, காதில் தங்கத்தோடு. மேடையில் நடு நாற்காலியில் அவன், வெள்ளை கன்சு அங்கி, தொப்பி. நான் மேடை ஓரத்தில் தட்டோடு நின்றேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் நாலு நாற்காலி. அவன் என்னைப் பார்த்தான், தலையாட்டினான். மஹம்ரிக்காரியைப் பார்த்து ஆட்டுகிற தலையாட்டல்.

சவுமு பேச ஆரம்பித்தாள். மாலை வகுப்பு முடிந்தது, பாதை இருட்டியது, கத்தி வந்தது. நன்றாகத்தான் சொன்னாள். பிறகு ஒரு விசும்பல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

அவன் அழுதுகொண்டிருந்தான்.

கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினான். பக்கத்தில் இருந்த அதிகாரியிடம், "என் மக மாதிரி... இந்த மாதிரி மிருகங்களை விடக்கூடாது" என்றான். நிஜமான கண்ணீர். கன்னத்தில் வழிந்தது.

அந்த நிமிஷம் எனக்கு வந்ததுபோல் ஒரு பொறாமை யாருக்கும் வந்திருக்காது. என் கதைக்கு உரியவன் அவள் கதைக்கு அழுகிறான். எனக்காக அழ வேண்டிய ஒரே ஆள், அதையும் அவளுக்குக் கொடுத்துவிட்டான். பலகை அவளுக்கு, வரி அவளுக்கு, இந்தப் பாவியின் கண்ணீருமா அவளுக்கு?

கால் தானாக நடந்தது. முறைப்படி சவுமு முடித்த பிறகுதான் நான் போக வேண்டும். நெகேசா ஓரத்திலிருந்து கை காட்டி நிறுத்தினாள். நான் நாலு நாற்காலியைக் கடந்தேன். அவன் கைலிக்காகக் கையை நீட்டினான். நான் கைலியை எடுக்கவில்லை. என் ஜோடியை எடுத்தேன், உதறி விரித்தேன், வரி தெரிகிற பக்கத்தை மேலே வைத்து அவன் மடியில் போட்டேன்.

எங்கள் கரையில் ஆண் பெண்ணுக்கு லேசோ கொடுப்பான். பெண் ஒருத்தி நாலு பேர் முன்னால் ஆணின் மடியில் லேசோ போட்டு யாரும் கண்டதில்லை. மைதானம் முழுக்கக் கழுத்து நீண்டது. எழுத்துத் தெரிந்தவள் தெரியாதவளுக்குப் படித்துக் காட்டினாள். அந்த முணுமுணுப்பு பாய் பாயாகப் பின்னால் போவதை நான் கேட்டேன்.

ஒலிபெருக்கியில் சவுமு சொல்லிக்கொண்டிருந்தாள்: "வரிசையா நிறுத்துனாங்க. நான் ஒருத்தனைப் பாத்து..." அங்கே நின்றாள். என்னைப் பார்த்தாள், அவன் மடியைப் பார்த்தாள். யார் என்று நான் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அடுத்து வர வேண்டியது அவள் வரி, ஊர் ஊராகக் கை தட்டல் வாங்கித் தந்த வரி. அவள் அதைச் சொல்லவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பான். "என்னம்மா, தட்டு மாறிப்போச்சா?" என்று தூக்கிக் காட்டியிருப்பான். நசோரோ சிரிக்கவில்லை. குனிந்து படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான், இப்போதுதான் பார்த்தான். பிறகு அந்தத் துணியை மடித்தான். எழுத்து உள்ளே போகும்படி மடித்தான். மறுபடியும் மடித்தான். முதோங்வேப் பெண்களுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு நடந்தவை இனிப்பாக இல்லை. நெகேசா என்னைத் தனியே இழுத்துப் போய், "யாருக்கா? இவரா? ஏன் என்கிட்ட சொல்லல?" என்று அழுதாள். சொல்ல விட்டாயா என்று கேட்டேன். மையத்தின் வக்கீல் கூப்பிட்டு, யாரிடமும் எதையும் பேசக்கூடாது என்றார். நான் எதையும் பேசவில்லையே ஐயா, துணிதானே போட்டேன் என்றேன். படகுத்துறையில் நசோரோவின் ஆட்கள் என் பெஞ்சைத் தூக்கிக் கடலில் போட்டார்கள். மீன்காரர்கள் யாரும் என்னிடம் வாங்கவில்லை. சுட்ட மஹம்ரியை இரண்டு நாள் கோழிக்குப் போட்டேன்.

சவுமு மட்டும் தினமும் வந்தாள். மூன்றாம் நாள் ஒரு பழைய பெஞ்சைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவப்படாத" என்றாள். "எனக்குப் பொறாமையா இருக்கு. எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன், ஒருத்தன் முகமும் வாடல. நீ வாயே தொறக்கல. என் வரியை எடுத்து ஒரு உதறு உதறுன. ஊரே உன்னைப் பத்திதான் பேசுது. என் பலகையை எவனும் நிமிந்து பாக்கல."

"எரியுதா?"

"எரியுது."

"நல்லா எரியட்டும்" என்றேன். வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் துறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இளநீர்க்காரி அரிவாளை ஓங்கியபடியே நின்றாள். படகுக்குப் போகிற கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. வந்தது கிபிபி. காதில் தங்கம் இல்லை, தோளில் ஒரு மூட்டை. இடுப்பில் ஆரஞ்சும் கறுப்புமாக அந்த லேசோ. பின்னால் வரி தெளிவாகத் தெரிந்தது. நசோரோவின் வீட்டிலிருந்து படகுத்துறை வரை, மீன் சந்தை நடுவே, அதைக் கட்டிக்கொண்டுதான் நடந்து வந்திருக்கிறாள்.

என் முன்னால் நின்று மூட்டையை அவிழ்த்தாள். ஜோடியின் மற்றப் பாதியை எடுத்து நீட்டினாள்.

"வெட்டிட்டேன்" என்றாள். "ஓரமும் அடிச்சிட்டேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு."

நெருங்கிய சிநேகிதிகளும் அக்கா தங்கைகளும்தான் எங்கள் ஊரில் ஒரு ஜோடியைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நான் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். பொடித் தையல், ஓர் இடத்தில்கூட வளையவில்லை. நான் அடித்திருந்தால் இவ்வளவு நேராக வந்திருக்காது. அந்த நேரத்திலும் அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"உனக்கு எத்தனை வயசுல?" என்று கேட்டாள்.

"பதினாறு."

கிபிபி சவுமு கொண்டுவந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லோருக்கும் வரி தெரியும்படி துணியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பதினொண்ணு" என்றாள். "அந்தம்மா பக்கத்து ரூம்ல இருமிக்கிட்டு இருந்தாங்க."

சவுமு தட்டை எடுத்தாள். நான் மஹம்ரி வைத்தேன், துவரையை ஊற்றினேன். கிபிபி பசித்தவள்போல் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் துவரை கேட்டாள்.